சிவப்பு நூல்

அத்தியாயம் 12

இரண்டு கண்ணாடிப் படங்களையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது அலீனுக்கு முதலில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. வழக்கமாகப் பார்ப்பதைத்தான் பார்த்தாள். தூசி இருக்கிறதா, விரல் ரேகை விழுந்திருக்கிறதா, ஓரம் நேராக இருக்கிறதா என்று.

போன வாரம் நாம் பார்த்த அந்தச் சாப்பாட்டு மேஜைச் சண்டைக்குப் பிறகு ஒரே ஒரு ராத்திரிதான் கழிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் டங்கன் கில்லிஸ் முடிவாகச் சொல்லிவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை. மணி எட்டே கால்.

கத்தி பிடிக்கப் போகிற டங்கன் அலீனின் அக்கா ஒடீலின் புருஷன். கழுத்தைக் கொடுக்கப் போகிறவன் அலீனின் தம்பி, வலிப்பு நோய்க்காரன் ரொசேர். ஆஸ்பத்திரியில் மூளை ஆபரேஷன்களைப் படம் பிடிக்கிற வேலை அலீனுக்கு. "மொன்றியல் பூரா தேடினாலும் இப்படி ஒரு குடும்பம் கிடைக்காது" என்று ஒடீல் சொல்லிச் சிரிப்பாள். அதெல்லாம் நல்ல நாட்களில்.

"அலீன், இந்தத் தடவை படத்தைக் கத்தரிச்சுடாத. ஓரம் முதல் ஓரம் வரைக்கும் முழுசா வேணும். போஸ்டன்ல பெரிய திரை. எல்லாம் தெரியணும்" என்று டங்கன் நேற்றுச் சொல்லியிருந்தார். இன்னும் பத்து நாளில் அவர் அங்கே பெரிய டாக்டர்கள் முன்னால் பேசவேண்டும்.

இந்த இரண்டு படங்களும் ஏற்கெனவே ஊர் சுற்றியவைதான். மருத்துவப் பத்திரிகையில் வந்தன. பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் கடிதம் போட்டுக் கேட்டு வாங்கினார்கள். ஆனால் எப்போதும் சுற்றிலும் இருந்த துணியை வெட்டிவிட்டு மூளையை மட்டும்தான் அச்சிட்டிருந்தார்கள். முதல் படத்தில் ஒரு நோயாளியின் மூளைமேல் ஓடும் ரத்தக்குழாய்கள் கறுப்பாக, தடிப்பாக இருக்கும். நாலு நிமிஷம் கழித்து, வலிப்பு தொடங்கும் நேரத்தில் எடுத்த இரண்டாவது படத்தில் அதே குழாய்கள் மெலிந்து வெளுத்துப்போயிருக்கும்.

டங்கனின் ஆராய்ச்சி முழுவதும் அந்த வித்தியாசத்தின் மேல்தான் நின்றது. கெண்டைக்கால் திடீரென்று இழுத்துக்கொள்கிறது அல்லவா, அதுபோல மூளையில் ரத்தக்குழாய் இழுத்துக்கொள்கிறது, ரத்தம் ஓடாமல் அந்த இடம் வெளுக்கிறது, உடனே வலிப்பு வருகிறது என்பது அவர் கட்சி. குழாயை இறுகச் சொல்லும் நரம்பு கழுத்து ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டுதான் மேலே போகிறது. அதை உரித்து எடுத்துவிட்டால் குழாய் இறுகாது. வலிப்பும் வராது. மூன்று பேருக்கு அப்படிச் செய்தாயிற்று. ரொசேர் நாலாவது ஆள்.

அலீன் இரண்டு கண்ணாடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் படத்தின் கீழ் மூலையில், துணி ஓரத்தில், 7 என்ற எண் கன்னங்கரேலென்று இருந்தது.

அது ஆபரேஷன் தியேட்டரின் துணி எண். எந்தத் துணி எந்த இடத்துக்குச் சொந்தம் என்று சலவைக்காரர்களுக்குத் தெரியவேண்டுமே, அதற்காக நர்ஸ்கள் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் சிவப்பு நூலால் எண் தைத்துவிடுவார்கள். தலைமை நர்ஸ் மிஸ் பிரிங்கிள் இதில் மகா கண்டிப்பு.

இரண்டாவது படத்தில் அந்த 7 இல்லை.

அலீன் பூதக்கண்ணாடியை எடுத்தாள். இருந்தது. அதே துணி, அதே மடிப்பு, அதே இடம். ஆனால் வெளுத்து, தேடினால்தான் தெரியும்படி இருந்தது.

"நூலுக்குமா இழுத்துக்கும்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். படம் கழுவும் அந்த இருட்டறையில் அவள் தனியாகத்தான் இருந்தாள். அவள் காதில் அவள் குரலே விகாரமாக விழுந்தது.

அடுத்த நிமிஷம் அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

படம் பிடிக்கும் கண்ணாடித் தகட்டில், அதாவது பிளேட்டில், இரண்டு வகை உண்டு. பழைய வகைக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பாக இருப்பதெல்லாம் அதில் கறுப்பாக விழும். புதிதாக வந்த வகைக்குச் சிவப்பு தெரியும். அதில் சிவப்பு வெளிறி விழும். படம் பிடிக்கிறவர்களுக்கு இது பாலபாடம். ரத்தமும் சிவப்பு, நூலும் சிவப்பு. முதல் படம் பழைய பிளேட்டில் விழுந்து, இரண்டாவது புதுப் பிளேட்டில் விழுந்திருந்தால், நூல் வெளுத்தது போலத்தான் குழாயும் வெளுத்திருக்கும். மூளைக்குள் ஒன்றும் நடந்திருக்கவேண்டியதில்லை.

அலமாரியிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தாள். 1931, நவம்பர் 12. இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவள் கையெழுத்துத்தான். "சட்டத்தின் இடப்பக்கம்: பழைய பெட்டி, கடைசி பிளேட். வலப்பக்கம்: புதுப் பெட்டி, முதல் பிளேட்."

அன்றைக்கு அவசரம். கீழேயிருந்து மிஸ் பிரிங்கிள் மணி மேல் மணி அடித்துக்கொண்டிருந்தாள். பழைய பெட்டியில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்ததே, வீணாக்குவானேன் என்று அதைக் காமிராச் சட்டத்தின் ஒரு பக்கமும் புதியதை மறு பக்கமும் செருகினாள். சிக்கனமாக இருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருப்பாள். இரண்டு படங்களையும் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்து அதன்மேல் ஒரு வைத்தியத்தையே கட்டுவார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு தெரிந்ததே, அப்போது ஏன் நோட்டைத் திறந்து பார்க்கவில்லை? தன் மேலேயே அடக்கமுடியாத கோபம் வந்தது.

சந்தேகம் மிச்சம் வைக்கக் கூடாது. எக்ஸ்ரே நகல் எடுக்கப் பழைய வகைப் பிளேட் இன்னும் வாங்குகிறார்கள். அதில் ஒன்றும் புதியதில் ஒன்றும் எடுத்து, தன் சிவப்புக் கம்பளி மப்ளரை ஆணியில் மாட்டி, இரண்டு படம் பிடித்தாள். கழுவி, அச்செடுத்துப் பார்த்தபோது மணி பத்து. ஒன்றில் மப்ளர் கரி நிறம். இன்னொன்றில் சாம்பல் நிறம்.

கண்ணாடிப் படங்கள் இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அலீன் படியிறங்கி ஓடினாள்.

* * *

ஒடீல் காத்திருக்கும் கூடத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஜெபமாலை. காலடியில் கம்பளித் துணியில் சுற்றிய ஒரு தூக்கு. தவக்காலத்து வெள்ளியென்பதால் இறைச்சி போடாத பட்டாணி சூப். ஆபரேஷன் முடிந்ததும் தம்பி குடிப்பான் என்று வீட்டிலிருந்து சுமந்து வந்திருக்கிறாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வா."

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு? காலையில ஏதாவது வயித்துல போட்டியா இல்லையா?"

"வா சொல்றேன்."

மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்கள் வைக்கும் இடத்தில் நின்றுகொண்டு அலீன் எல்லாவற்றையும் சொன்னாள். ஒடீல் படங்களைப் பார்க்கவே இல்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத வேற யார்கிட்ட சொன்ன?"

"உன்கிட்டதான் முதல்ல."

"நல்லது. என்னோடயே இருக்கட்டும்."

"அக்கா!"

"சத்தம் போடாத. ஒரு நூல் வெளுத்துப்போச்சு. அவ்வளவுதான? ஆஸ்பத்திரி சலவையில எத்தனையோ நூல் வெளுக்குது."

"நாலு நிமிஷத்துலயா வெளுக்கும்? நான் என்ன சொல்றேன்னு உனக்குப் புரியுது. புரியாத மாதிரி நடிக்காத."

ஒடீல் ஜெபமாலையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"ஜனவரியில ஒரு நாள் ரொசேர் ஆத்துப் பனிக்கட்டி மேல நடந்து போனானே, ஞாபகம் இருக்கா? படகுத்துறைக்கு அந்தப் பக்கம், கட்டி மெலிசா இருக்கிற இடத்துக்கு. போலீஸ்காரன் கூட்டிட்டு வந்து விட்டான். காத்து வாங்கப் போனேன்னு சொன்னான். நீயும் நம்பின, நானும் நம்பின மாதிரி இருந்தேன்."

அலீன் கண்ணாடிகளைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினாள்.

"அன்னிக்கு ராத்திரிதான் டங்கன் அவன்கிட்ட இந்த ஆபரேஷன் பத்தி முதல்ல பேசினாரு. மறுநாளே எழுந்து சவரம் பண்ணிக்கிட்டான். ரெண்டு மாசமா சிரிக்கிறான் அலீன். சாப்பிடுறான். இன்னிக்கு அதப் பிடுங்கிட்டு நீ அவனுக்கு என்ன தரப்போற? ஒரு நூலா?"

"கழுத்து ரத்தக்குழாய்ல கத்தி ஒரு மயிரிழை தப்பினா பேச்சு போயிடும், வலது கை போயிடும். நல்லது நடக்கும்னா அந்த ஆபத்த ஏத்துக்கலாம். ஒண்ணுமே இல்லாததுக்கு?"

"ஒண்ணுமே இல்லன்னு யார் சொன்னது? மூணு பேருக்குக் குணமாயிருக்கே! சொரேல் ஊர்ல மதாம் திபோவுக்கு ஆகஸ்ட்லேர்ந்து..." என்று ஆரம்பித்த ஒடீல் சட்டென்று நிறுத்தினாள். அவள் கை தன்னையறியாமல் கைப்பையின் பூட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

அலீன் அந்தக் கையைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய கை. சின்ன வயதில் மிட்டாயை ஒளித்துவைத்தாலும் இப்படித்தான் மூடிக்கொள்ளும்.

"மதாம் திபோ கடைசியா எப்ப எழுதினா?"

"கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது."

"அதுக்கப்புறம்?"

ஒடீலின் விரல்கள் பூட்டை இறுகப் பிடித்தன.

"அக்கா, பையத் திற."

இங்கிலீஷ் பேசுகிற டங்கனுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, ரொட்டி வாங்கவும் மன்னிப்புக் கேட்கவும்தான் காணும். கிராமத்து நோயாளிகளின் கடிதங்களை ஒடீல்தான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு வாசித்துக் காட்டுவாள். அவர் சொல்லச் சொல்லப் பதிலும் அவளே எழுதுவாள். அவருடைய ஆராய்ச்சிக் கணக்கில் "நோயாளி நலம்" என்று ஏறும் ஒவ்வொரு வரியும் ஒடீலின் வாய் வழியாகத்தான் ஏறுகிறது.

கடிதம் நாலாக மடித்திருந்தது. பிப்ரவரியில் எழுதியது. இரண்டு தடவை வலிப்பு வந்துவிட்டதாம். ஒரு தடவை சமையலறையில், இன்னொரு தடவை கோயில் படியில், எல்லோரும் பார்க்க. "டாக்டர் ஐயா என் பொருட்டு அவ்வளவு பாடுபட்டார். கேட்டால் மனம் நொந்துபோவார். அவரிடம் சொல்லவேண்டாம் அம்மா, உங்கள் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்று முடித்திருந்தாள்.

"அவளே சொல்ல வேணாம்னுதான் எழுதியிருக்கா" என்றாள் ஒடீல். குரல் சிறுத்துவிட்டது. "நான் பொய் சொல்லல. வாசிக்கல, அவ்வளவுதான்."

"மத்த ரெண்டு பேரும் பிரெஞ்சு பேசுற நம்மாளுங்கதான? அவங்களும் டாக்டர் மனசு நோகக் கூடாதுன்னு நல்லாயிருக்கேன்னு எழுதுறாங்களோ என்னவோ!"

"தெரியாது. எனக்குத் தெரிஞ்சுக்கவும் வேணாம். ரொசேருக்கு மட்டும் பலிச்சா போதும்." ஒடீலின் கண் நிறைந்துவிட்டது. "அலீன், அம்மா போனப்புறம் உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்குறேன். வாய மூடிக்கோ. சத்தியம் பண்ணு."

அலீனுக்கு அக்காவைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, உலுக்கி எடுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. கடிதத்தை மடித்து அவள் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"கடிதம் உன்னோடது. அதப் பத்தி என் வாயால ஒரு வார்த்தை வராது, சத்தியம். கண்ணாடி என்னோடது. அத நான் என்ன பண்ணணும்னு நீ சொல்லாத."

"அப்ப உன் தம்பியக் கொல்லு, போ" என்றாள் ஒடீல்.

* * *

நடைபாதையில் ரொசேரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். காதுக்குக் கீழே கழுத்து முழுவதும் வழித்து, மஞ்சள் மருந்து பூசியிருந்தது. அலீனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சின்னக்கா! பாரு, கழுத்த எப்படி மழமழன்னு ஆக்கிட்டாங்க. ஒரு காலர் மாட்டிவிட்டா மாப்பிள்ளைதான்."

"வாயக் குறைடா. ஆபரேஷனுக்குப் போறவன் பேசக் கூடாது."

"ஆபரேஷன் நடக்கிறப்பவே பேசணுமாம். மச்சான் சொல்லிட்டாரு. கழுத்து மட்டும்தான் மரத்துப்போகும், நீ முழிச்சுக்கிட்டு என்கூடப் பேசிக்கிட்டே இருக்கணும், பேச்சு குழறுதான்னு நான் பார்க்கணும்னாரு. டிராம் போற தெருவெல்லாம் வரிசையா சொல்லப்போறேன். இந்த ஊர்ல அவருக்கு வழி தெரியாது பாவம், கத்துக்கட்டும்."

தள்ளிக்கொண்டு வந்த ஊழியர் சிரித்தார். அலீனும் சிரிக்கப் பார்த்தாள்.

ரொசேர் ஒன்பது வருஷம் டிராம் ஓட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலைச்சரிவில் வண்டி இறங்கும்போது வலிப்பு வந்தது. பின்னாலிருந்த கண்டக்டர் பாய்ந்து வந்து பிரேக்கைப் பிடித்தார். மனிதர் யாரும் சாகவில்லை. ஒரு பால் வண்டி நொறுங்கியது, அதில் பூட்டியிருந்த குதிரை செத்தது. அந்தக் குதிரையைப் பற்றி ரொசேர் இன்றுவரை பேசியதில்லை. டிராம் ஓட்டுகிறவர்கள் வண்டியைக் கிளப்பும் பித்தளைக் கைப்பிடியைத் தங்கள் கையோடு எடுத்துப் போவார்கள். அவனிடமிருந்து அதை அன்றே வாங்கிக்கொண்டார்கள்.

"டிப்போ மேஸ்திரி நேத்து வந்து பார்த்துட்டுப் போனாரு" என்றான் ரொசேர். "ஒரு வருஷம் வலிப்பில்லாம வா, கைப்பிடிய நானே உன் கையில தரேன்னாரு. எல்லார் முன்னாடியும் சொன்னாரு. வார்டுல எல்லாம் சாட்சி."

"ரொசேர்..."

"என்ன?"

"இது வேணாம்னு வச்சுக்க. வேற ஏதாவது வழி வர வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம்னு வச்சுக்க."

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது.

"வேணாம்னா மறுபடியும் பெரியக்கா வீட்டு சமையலறை ஜன்னல்தான். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் போற டிராமை எண்ணிக்கிட்டு. அதுக்கு..." என்றவன், முடிக்காமல் அவள் கையைப் பிடித்தான். "பயப்படாத சின்னக்கா. எனக்கே பயமில்ல. மச்சான் என்னை உக்காரவச்சு உன் படம் ரெண்டையும் காட்டினாரு. இதுல குழாய் எப்படி இருக்கு பாரு, இதுல எப்படி வெளுத்துப்போச்சு பாருன்னாரு. வேற யாரோ எடுத்த படம்னா யோசிச்சிருப்பேன். நீ எடுத்தது. அப்புறம் என்ன?"

வண்டி நகர்ந்தது. அவன் கை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. கதவு ஆடி ஆடி நின்றது.

அலீன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள் என்பதை மறைத்துப் பயனில்லை. இருட்டறைக்குப் போய் நோட்டில் அந்த ஒரு பக்கத்தைக் கிழித்தால் போதும். கண்ணாடியின் ஓரத்தை வெட்டிவிட்டால் போதும். இரண்டு வருஷம் அப்படித்தானே இருந்தது.

மணி பத்து நாற்பது.

* * *

"இங்க வரக் கூடாது அலீன்! படம் எடுக்கிறவங்க மேல் மாடத்துக்குப் போகணும். உங்களுக்குத் தெரியாதா?"

மிஸ் பிரிங்கிள் கை கழுவும் அறை வாசலில் குறுக்கே நின்றாள். அவளுக்குப் பின்னால் டங்கன் தெரிந்தார். பத்து நிமிஷம் தேய்த்துக் கழுவி, கையுறை மாட்டி, இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கைகள் இனி ஆபரேஷன் வரைக்கும் எதையும் தொடக் கூடாது.

"அத்தான்" என்றாள் அலீன்.

டங்கன் திரும்பினார். ஆறு வருஷமாக ஆஸ்பத்திரிக்குள் அவள் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். வீட்டு வார்த்தை இந்தச் சுவர்களுக்குள் வந்ததே இல்லை.

"உள்ள விடுங்க மிஸ் பிரிங்கிள். என்ன அலீன், சீக்கிரம் சொல்லு. ஊசி போட்டாச்சு."

அவள் கைக்குட்டையை அவிழ்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே இரண்டு கண்ணாடிகளையும் பிடித்தாள். பிளேட் வகையைச் சொன்னாள், நோட்டைச் சொன்னாள், மப்ளரைச் சொன்னாள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

டங்கனின் முகத்தில் முகமூடிக்கு மேலே கண்கள்தான் தெரிந்தன. அவை சுருங்கின.

"இதச் சொல்ல இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுதா உனக்கு?"

"இன்னிக்குத்தான் பார்த்தேன்."

"ரெண்டு வருஷம்! நான் இத வச்சு எத்தனை இடத்துல பேசியிருக்கேன் தெரியுமா? லண்டன்ல பேசியிருக்கேன். மூணு பேர் கழுத்தத் திறந்திருக்கேன்!"

"தெரியும்."

"படம் கிடக்கட்டும். அன்னிக்கு ஆபரேஷன்ல நானே கண்ணால..." என்று ஆரம்பித்தார் டங்கன்.

அலீன் காத்திருந்தாள். அக்கா புருஷனிடம் ஆயிரம் குறை உண்டு. பிடிவாதம், முன்கோபம், பேரின் மேல் ஆசை. ஆனால் கண்ணால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு குணத்தை நம்பித்தான் அவள் இங்கே வந்திருந்தாள்.

"பார்த்தீங்களா அத்தான்?"

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றார் கடைசியில். "வலிப்பு ஆரம்பிக்கிறப்ப நான் அந்தாளோட வாயப் பார்த்துக்கிட்டிருந்தேன். உதடு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு. மூளைய நான் பார்க்கல. மறுநாள் உன் படத்துலதான் பார்த்தேன்."

"ரெண்டாவதத் திரும்பப் பாருங்க. கீழ் மூலையில. நூலப் பாருங்க."

"இன்னும் மேல பிடி."

பிடித்தாள். டங்கன் குனிந்து, கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். மிஸ் பிரிங்கிளும் எட்டிப் பார்த்தாள். அவள் கையால் தைத்த 7 தான் அது.

"என் நூல் வெளுக்காது டாக்டர்" என்றாள் மிஸ் பிரிங்கிள் மெதுவாக. "கொதிக்க வச்சுப் பார்த்துத்தான் வாங்குறேன்."

டங்கன் நிமிர்ந்தார். அவர் அவ்வளவு சுலபத்தில் விழுகிற மரம் இல்லை.

"சரி. படம் தப்பு. ஒத்துக்கிறேன். தப்பான காரணத்துக்காக ஒரு நல்ல வைத்தியத்தக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா நான்? அப்படி எத்தனையோ நடந்திருக்கு. மதாம் திபோவுக்கு மாசத்துக்கு அஞ்சு தடவை வந்துக்கிட்டிருந்தது. ஆகஸ்ட்லேர்ந்து ஒண்ணுகூட இல்ல. பிளேட் பொய் சொல்லலாம். அவ பொய் சொல்லுவாளா?"

அலீன் வாயைத் திறந்தாள். அக்காவுக்குச் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லு. அதுக்கு என்ன சொல்ற?"

அவள் தரையைப் பார்த்தாள். பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை சொல்லவும் முடியவில்லை. இப்படி ஒரு மௌனம் தன் தலையில் வந்து விழும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"அலீன், என்னைப் பாரு."

பார்த்தாள். டங்கனுக்குப் பிரெஞ்சுதான் வராது. முகம் வாசிக்கத் தெரியும். அவர் பிழைப்பே அதுதான். தங்கையின் கண்ணிலிருந்து, கடிதம் வாசிக்கிற அக்காவிடம் போய்ச் சேர அவருக்கு நீண்ட நேரம் பிடிக்கவில்லை.

"ஒடீல்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து ரொசேரின் குரல் கேட்டது. யாரோ ஒரு நர்ஸிடம் டிராம் வழியைச் சொல்லிக்கொண்டிருந்தான். "அங்க திரும்பினா சரிவு. சரிவுல மெதுவா இறக்கணும், மணி அடிச்சுக்கிட்டே இறக்கணும்..."

"எல்லாம் தயாரா இருக்கு டாக்டர்" என்று உள்ளேயிருந்து உதவி டாக்டர் கூப்பிட்டார். "கழுத்து நல்லா மரத்துப்போச்சு."

டங்கன் அசையவில்லை. தூக்கிப் பிடித்த இரண்டு கைகளும் அப்படியே அந்தரத்தில் நின்றன. அந்தக் கைகளுக்கு முன்னால் ஒரு மைத்துனனின் கழுத்து, பத்து நாளில் போஸ்டன், இரண்டு வருஷத்து உழைப்பு எல்லாம் வரிசையாக நின்றன. அலீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வலது கையை நீட்டினார். அலீனின் விரல்களிலிருந்து அந்த இரண்டாவது கண்ணாடியை வாங்கிக்கொண்டார்.

"டாக்டர்! கையுறை!" என்று மிஸ் பிரிங்கிள் பதறினாள். "கையக் கெடுத்துட்டீங்களே! மறுபடி முதல்லேர்ந்து கழுவணுமே!"

"வேண்டாம்" என்றார் டங்கன். "கழுவ வேண்டாம்."

கண்ணாடியைத் தன் கையாலேயே வெளிச்சத்துக்குப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அதைப் பத்திரமாக மேஜைமேல் வைத்துவிட்டு, கையுறைகளை ஒவ்வொன்றாக உருவிப்போட்டார். அவர் விரல்கள் வெந்நீரில் ஊறி வெளுத்திருந்தன. திடீரென்று வயதானவராகத் தெரிந்தார். அலீனுக்கு அவர்மேல் பொங்கி வந்தது கருணையா மரியாதையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவன்கிட்ட நான் சொல்றேன்" என்றார்.

"வேண்டாம் அத்தான். பிளேட்ட மாத்திப் போட்டவ நான்."

"மாத்திப் போட்டதப் பார்த்து ஏமாந்தவன் நான். சேர்ந்தே போவோம்."

வெளியே படிக்கட்டில் குதிகால் செருப்பு அவசரமாக ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒடீலின் நடை. டங்கன் அந்தச் சத்தத்தைக் கேட்டார். கதவில் வைத்த கை ஒரு வினாடி நின்றது. ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே பெரிய விளக்கின் கீழே ரொசேர் படுத்திருந்தான். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, துணி ஓரத்தில் சிவப்பு 7. கதவுச் சத்தம் கேட்டுக் கண்ணை மட்டும் திருப்பினான். முதலில் டங்கனின் வெறும் கைகளைப் பார்த்தான். அப்புறம் அலீனைப் பார்த்தான். டிராம் வழி பாதித் தெருவில் நின்றுவிட்டது.

ஒன்பது வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு, ஓடப்போகிற வண்டியின் சத்தம் எது, நின்றுபோன வண்டியின் சத்தம் எது என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

"நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டான்.

டங்கன் தலையை அசைத்தார்.

"யாரு பிரேக் பிடிச்சது?"

"நான்தான்டா" என்றாள் அலீன்.